பழைய ஆபிஸ் கட்டடத்தின் மாடிகளை ஊர் மக்களுக்குத் திறந்துவிட ஒரு வழிகாட்டி

மலேசியாவில் தோட்டங்களுக்கு (எஸ்டேட்டுகளுக்கு) நடுவே வளர்ந்த நம் பட்டணங்களில் ஒரே மாதிரியான கட்டடம் ஒன்று நிச்சயம் இருக்கும். ஆறு, ஏழு மாடி. கீழே ஒரு காலத்தில் வங்கி இருந்திருக்கும். மேலே காப்புறுதி ஏஜெண்டு, வழக்கறிஞர், டியூஷன் சென்டர். இப்போது பாதி மாடிகளுக்கு வாடகைக்கு ஆள் இல்லை. லிஃப்ட் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கில் அப்படி ஒரு கட்டடத்தை, அஞ்சடியிலிருந்து (கட்டடத்தின் முன்னாலுள்ள கூரையிட்ட நடைபாதை) மொட்டை மாடிவரை யார் வேண்டுமானாலும் ஏறிப் போய் உட்காரக்கூடிய இடமாக மாற்றினோம். எம்.சி. (அடுக்குமாடி நிர்வாகக் கழகம்) தரப்பில் ஓடியாடியவர்களில் நானும் ஒருவன். எந்தக் கடிதம் முதலில், எந்த ஆபிஸ் அடுத்து என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு யாரும் கிடைக்கவில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒரு விஷயத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். தளம் எவ்வளவு பாரம் தாங்கும்? தீப்பிடித்தால் மக்கள் எந்த வழியாக இறங்குவார்கள்? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும்வரை யாரிடமும் பெலான் (கட்டட வரைபடம்) வரையச் சொல்லிப் பணம் கட்டாதீர்கள்.

1. இப்போதே யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள்

இதற்குச் செலவே இல்லை. வேலை நாளில் ஒரு காலை, ஒரு மாலை, அப்புறம் ஒரு சனிக்கிழமை என்று கட்டடத்தில் நின்று கவனியுங்கள். எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி டியூஷன் வகுப்புக்குப் பேத்தியைக் கூட்டிவரும் பாட்டி ஒருவர், தீத்தடுப்புக் கதவுக்குச் செருப்பை முட்டுக்கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். மெங்கிபோல் பக்கத்திலிருந்து வருபவர். "இங்கதான்யா காத்து வருது" என்றார். உண்மைதான், அந்தப் படிக்கட்டுச் சுவரில் மட்டும்தான் லம்பாக் மலைப் பக்கம் திறப்பு இருந்தது. மூன்றாவது மாடியில் பொது இடம் வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தது அதைப் பார்த்துத்தான்.

தோட்டத்தில் திடல் இருந்தது, கோயில் முன்றில் இருந்தது. தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதி) பிளாட்டுக்கும் குடிவந்த பிறகு, காசு கொடுக்காமல் உட்கார நம் பெரியவர்களுக்கு மிஞ்சியது பேருந்து நிலையமும் பேரங்காடி வாசலும்தான். அவர்கள் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலையாகவோ கூட்டுறவுச் சங்க வேலையாகவோ ஏற்கெனவே உங்கள் கட்டடத்துக்கு வந்துகொண்டிருக்கலாம். அவர்கள் காத்திருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கீழிருந்து மேலே போகும் வரிசை முக்கியம். மொட்டை மாடியில் மட்டும் பூங்கா வைத்தால் முதல் மாதம் படம் எடுக்க வருவார்கள், அதோடு சரி. கீழ்த்தளம் தெருவோடு சேர்ந்து திறந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று மாடிக்கு ஒரு தங்குமிடம் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் நின்று பார்த்தால் அடுத்த இடம் கண்ணில் பட வேண்டும்.

2. கட்டடத்தில் எது யாருடையது என்று எழுத்தில் எடுங்கள்

நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் செய்து, நிலப்பட்டாவின் பயன்பாட்டுப் பிரிவையும் நிபந்தனையையும் பாருங்கள். அடுக்குமாடிப் பட்டா (ஒவ்வொரு அலகுக்கும் தனி உரிமை தருவது) இருந்தால் அதன் வரைபடத்தின் சான்றளித்த நகல் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கூடம், படிக்கட்டு, லிஃப்ட் முகப்பு, கூரை எல்லாம் பொதுவாகப் பொதுச் சொத்தில் வரும். தனி உரிமையாளரின் அலகு எத்தனை வருடம் பூட்டிக் கிடந்தாலும் அவருடையதே.

இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. தனி அலகுக்குள் தளத்தை வெட்டினால் அதன் பரப்பு மாறும். அப்போது உரிமம் பெற்ற நில அளவையாளர், நில அலுவலகம், பட்டா திருத்தம் என்று தனி வேலை ஒன்று கிளம்பிவிடும். முடிந்தவரை பொதுச் சொத்துக்குள்ளேயே திறப்புகளை அமையுங்கள். காலி அலகு தேவைப்பட்டால் எம்.சி. அதை நீண்ட குத்தகைக்கு எடுப்பதே சுலபம்.

இந்த மாதிரி வேலைக்குச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிக்கொள்வது பாதுகாப்பு. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பதிவான செல்லும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். சாதாரணப் பொதுக்கூட்டத்துக்கான 14 நாள் நோட்டீஸை அனுப்பிவிட்டு அதே கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் போட்டால், பிறகு யாராவது ஆட்சேபித்தால் எல்லாம் முதலிலிருந்து. பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருக்கும் உரிமையாளர்கள் வாக்களிக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கூட்டத்தன்று வாசலில் சண்டை வராது.

3. பழைய பெலானைத் தேடுங்கள்

தேவையானவை: அங்கீகரிக்கப்பட்ட கட்டடப் பெலான், கட்டமைப்புப் பெலான், குடியேற்றச் சான்று (2007-க்கு முந்திய கட்டடமென்றால் சி.எஃப். எனும் பழைய தகுதிச் சான்று), மதிப்பீட்டு வரி ரசீது, நில வரி ரசீது. வரி பாக்கி இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். முதலில் அதைத் தீருங்கள்.

பெலான் உங்களிடம் இல்லையென்றால் மன்றத்தின் (உங்கள் ஊர் நகராட்சி மன்றம்) கட்டடப் பிரிவில் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் கட்டடத்தை அளந்து புதிதாக வரைய வேண்டும். உள்ளே கம்பி எப்படி ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும். கான்கிரீட்டில் துளையெடுத்துச் சோதிக்க வேண்டும். இது கணிசமான செலவு. பட்ஜெட்டில் தனி வரியாகப் போட்டுவையுங்கள்.

அளந்து பார்த்ததும் பழைய கள்ளத்தனமெல்லாம் வெளியே வரும். பின்சந்துப் பக்கம் யாரோ நீட்டிக் கட்டிய அறை, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, அவசரப் படிக்கட்டு வாசலில் சாமான் அறை. அவற்றை இடிப்பதா, அனுமதி வாங்குவதா என்று முடிவெடுக்காமல் புதிய பெலான் நகராது.

4. தளம் எவ்வளவு தாங்கும்?

பதிவு பெற்ற கட்டமைப்பு இன்ஜினியரைக் கட்டடக் கலைஞருக்கு முன்பே கூப்பிடுங்கள். காரணம் இதுதான். 1984-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி சாதாரண ஆபிஸ் தளம் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 250 கிலோ பாரத்துக்குக் கணக்கிடப்படுகிறது. நாற்காலிகளைத் தரையோடு பொருத்தாமல் மக்கள் கூடும் இடத்துக்கு 5 கிலோநியூட்டன் வேண்டும். மேசை நாற்காலியோடு பத்துப் பேர் வேலை செய்த அறையில், பொங்கல் விழாவுக்கு நூறு பேர் நின்று கைதட்டினால் அது வேறு கணக்கு. மொட்டை மாடிக்கு ஆபிஸைவிடவும் குறைவாகக் கணக்கிட்டிருப்பார்கள்.

செடி என்றால் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஒரு சதுர மீட்டரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் போட்டு மழையில் நனைந்தால் அரை டன் எடை வந்துவிடும். மண்ணைத் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலே மட்டும் வையுங்கள். நடுத்தளத்தில் லேசான தொட்டி போதும். மரம் வேண்டுமென்றால் கீழ்த்தளத்தில் தரையில் நட்டு மேலே வளர விடுங்கள். இரண்டாவது மாடிக்கு நிழல் சும்மாவே கிடைக்கும்.

பழைய பெலானில் கோப்பு அறை என்று குறித்த இடம் இருக்கிறதா பாருங்கள். கோப்பு அடுக்கும் இடங்களை 5 கிலோநியூட்டனுக்குக் கணக்கிடுவது வழக்கம். அந்தத் தளம் அப்படிப் போடப்பட்டிருந்தால், வலுப்படுத்தும் செலவில்லாமல் கூடும் இடம் ஒன்று கையில் கிடைத்த மாதிரி. எங்களுக்கு அப்படித்தான் வாய்த்தது.

இன்ஜினியரிடம் வாய்ப்பேச்சில் பதில் வாங்காதீர்கள். ஒவ்வொரு மாடிக்கும் தாங்கும் அளவு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதைக் கையெழுத்தோடு அறிக்கையாகக் கேளுங்கள். அதே அறிக்கை பொம்பா (தீயணைப்புத் துறை), மன்றம், காப்புறுதி மூன்று இடத்திலும் உதவும்.

5. பெலானுக்கு முன்பே பொம்பாவிடம் போங்கள்

எங்களுக்கு முதலில் ஒருவர் வரைந்து தந்த யோசனை பார்க்க ஜோராக இருந்தது. கட்டடத்தின் நடுவே நான்கு மாடித் தளங்களை வெட்டி, ஒரே திறந்த வெளியாக்கி, அதற்குள் அகலமான படிக்கட்டு. தீத்தடுப்பு பற்றி அவர் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. ஒரு மாடியில் தீப்பிடித்தால் புகை மற்ற மாடிக்கு ஏறாமல் தடுப்பது அந்தத் தளங்கள்தான். அவற்றை வெட்டினால் புகையை வெளியேற்றும் ஏற்பாடு, தானாக இறங்கும் தடுப்புத்திரை, தண்ணீர் தெளிப்பான் என்று செலவு கூடிக்கொண்டே போகும். அந்த வரைபடத்துக்குக் கட்டிய பணம் போனது போனதுதான்.

பிறகு நாங்கள் பிடித்த வழி இது. தளத்தை வெட்டவில்லை. வெளிப்புறச் சுவர்களைத் திறந்தோம். லிஃப்ட் முகப்பையும் கூடத்தையும் தெருப் பக்கம் திறந்த தாழ்வாரமாக்கி, ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்கு வெளிப்புறமாகப் படிக்கட்டு வைத்தோம். புகை தானே வெளியே போகும். காற்றும் வெளிச்சமும் வரும். சுபாங் ஜெயாவில் 1992-இல் கட்டிமுடித்த மெனாரா மெசினியாகா இந்த வகைக்கு நம் நாட்டிலேயே உள்ள நல்ல பாடம். கென் யாங் வடிவமைத்த அந்த 15 மாடிக் கட்டடத்தில், சுவரை உள்ளே தள்ளி மாடித்தோட்டங்களைச் சுருள் சுருளாக மேலே கொண்டுபோயிருக்கிறார். லிஃப்டையும் படிக்கட்டையும் வெயில் சுடும் கிழக்குப் பக்கம் வைத்து, அவற்றுக்கும் இயற்கை வெளிச்சம் வரச் செய்திருக்கிறார். உங்கள் கட்டடத்தில் எந்தச் சுவரைத் திறப்பது என்று யோசிக்கும்போது முதலில் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மேற்குச் சுவரைத் திறந்துவிட்டால் மாலை நான்கு மணிக்கு ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

பொம்பாவிடம் நேரில் கேட்டுத் தெளிவாக்க வேண்டியவை:

புதிய திறந்த படிக்கட்டு தப்பிக்கும் வழியாகக் கணக்கில் வருமா? வராது என்றே வைத்துத் திட்டமிடுங்கள். ஏற்கெனவே உள்ள இரண்டு அவசரப் படிக்கட்டுகளும் சுவரோடும் தானாக மூடும் கதவோடும் அப்படியே இருக்க வேண்டும். பாட்டிக்குக் காற்று வேண்டுமென்றால் அவருக்கு வேறு இடம் கொடுங்கள். தீத்தடுப்புக் கதவுக்கு முட்டுக்கொடுக்க யாரையும் விடாதீர்கள்.

மொட்டை மாடியை மக்கள் புழங்கும் தளமாக்கினால் கட்டடத்தின் உயரக் கணக்கு மாறுமா? தீயணைப்பு வண்டி நிற்கும் மட்டத்திலிருந்து மேல்தளம் 18.3 மீட்டரைத் தாண்டினால், வண்டியிலிருந்து தண்ணீர் ஏற்றும் குழாய் கட்டடத்துக்குள் வேண்டும். 30.5 மீட்டரைத் தாண்டினால் எப்போதும் தண்ணீர் நிரம்பி நிற்கும் குழாய் வேண்டும். ஐந்து, ஆறு மாடிக் கட்டடங்கள் இந்த முதல் எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்பவை. மொட்டை மாடியைச் சேர்த்ததால் எல்லை தாண்டினால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

ஒரு மாடியில் எத்தனை பேர்? ஆபிஸாக இருந்தபோது போதுமாக இருந்த படிக்கட்டு அகலம், கூடும் இடமானால் போதாமல் போகலாம். அப்போது படியை அகலமாக்குவதைவிட ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதே மலிவு.

6. விண்ணப்பம்

விண்ணப்பத்தை நீங்களே கொடுக்க முடியாது. பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ இன்ஜினியரோ முதன்மைச் சமர்ப்பிப்பாளராக (பி.எஸ்.பி.) இருந்து, மன்றத்தின் ஓ.எஸ்.சி. (ஒரே இட விண்ணப்ப மையம்) முகப்பு வழியாகச் சமர்ப்பிக்க வேண்டும். அவர் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று அவருடைய வாரியத்தில் சரிபாருங்கள். கட்டணத்தைப் பேசும்போது ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: திருத்தம் கேட்டுப் பெலான் திரும்பி வந்தால் மறுபடி வரையத் தனிக் கட்டணமா, இல்லையா? பழைய கட்டட வேலையில் திருத்தம் வராமல் இருக்காது.

ஆபிஸ் தளத்தைப் பொது இடமாக்குவது பயன்பாட்டு மாற்றம். அதனால் கட்டடப் பெலான் அனுமதியோடு கெபெனாரான் மெரஞ்சாங் எனும் திட்டமிடல் அனுமதியும் வேண்டுமா என்று மன்றத்தின் திட்டப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் பகுதிக்கு அரசிதழில் வெளியான உள்ளூர்த் திட்டம் இல்லையென்றால் அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புப் போகும். ஆட்சேபிக்க அவர்களுக்கு 21 நாள் உண்டு. அந்தக் கடிதம் கையில் கிடைப்பதற்கு முன்பே பக்கத்துக் கடைக்காரர்களிடம் போய், கோப்பியோ தேயோ குடித்துக்கொண்டே படத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். அவர்கள் பயமெல்லாம் வண்டி நிறுத்தும் இடமும் இரவுச் சத்தமும்தான்.

திட்டமிடல் அனுமதி கிடைத்தால் 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் காலாவதி. பணம் சேரும் முன் அனுமதியை வாங்கிவைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

உடற்குறையுள்ளோர் வசதியைக் கடைசியில் ஒட்டவைக்க முடியாது. சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்பது கணக்கு: அஞ்சடியிலிருந்து உள்தளம் ஓரடி உயரமென்றால் சாய்தளம் பன்னிரண்டடி நீளம். அந்த நீளம் வாசலில் இருக்கிறதா என்று இப்போதே டேப் பிடித்துப் பாருங்கள். லிஃப்ட் நிற்காத மாடியில் பொது இடம் வைக்கவே வேண்டாம்.

7. பணம்

எம்.சி.யின் சேமநிதியைப் பொதுச் சொத்தை மேம்படுத்தப் பயன்படுத்தலாம். ஆனால் பராமரிப்புக் கட்டணத்தில் பத்து விழுக்காடாகச் சேர்ந்த பணம் அது. லிஃப்ட் பழுதானால் கைகொடுப்பதும் அதுவே. பாதிக்கு மேல் தொடாதீர்கள் என்பது என் கருத்து. மீதிக்கு உரிமையாளர்களிடம் தவணை, கீழ்த்தள வாடகை, நன்கொடை. நன்கொடை தருபவர் பெயர்ப்பலகை கேட்பார், கொடுங்கள். தனி வாசலோ தனி மாடியோ கேட்டால் கொடுக்காதீர்கள்.

குத்தகையாளர் (கட்டுமான ஒப்பந்தக்காரர்) சி.ஐ.டி.பி. எனும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ஜி1 தரத்துக்காரர் 2 லட்சம் ரிங்கிட் வரை, ஜி2 5 லட்சம் வரை, ஜி3 10 லட்சம் வரைதான் வேலை எடுக்கலாம். செலவைக் குறைத்துக் காட்ட ஒரே வேலையை இரண்டு மூன்று ஒப்பந்தமாக உடைக்கச் சொல்பவர்களிடம் ஜாக்கிரதை. ஒப்பந்தத் தொகை 5 லட்சத்தைத் தாண்டினால் 0.125 விழுக்காடு தீர்வை உண்டு. 8 லட்ச ரிங்கிட் வேலைக்கு 1,000 ரிங்கிட். சிறு தொகைதான், ஆனால் கட்டாமல் விட்டால் தலைவலி.

பழைய கட்டடத்தில் சுவரை உடைத்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். மொத்தத்தில் இருபது விழுக்காட்டை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். பத்து போதும் என்பார்கள், போதாது.

8. எப்போது தொடங்குவது?

ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச்வரை போகும். மொட்டை மாடி, வெளிச்சுவர் வேலைகளை ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவே வையுங்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி மூன்றுக்கும் ஆள் குறையும். அட்டவணையில் அவற்றைக் கழித்துவிட்டுத்தான் முடிவுத் தேதி எழுத வேண்டும்.

கட்டடத்தில் வேலை நடக்கும்போதும் டியூஷனும் ஆபிஸும் ஓடும். ஒரே நேரத்தில் இரண்டு அவசரப் படிக்கட்டுகளையும் அடைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உடைக்கும் வேலை காலை எட்டு முதல் மதியம்வரை. பிள்ளைகள் வரும் நேரத்தில் சத்தம் வேண்டாம்.

நீர்க்கசிவுத் தடுப்பு முடிந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடச் சொல்லுங்கள். கீழ்மாடிக் கூரையை நீங்களே போய்த் தொட்டுப் பாருங்கள். ஓடு பதித்த பிறகு கசிவைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டிவரும். இந்தச் சோதனை முடியாமல் அந்தத் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கைப்பிடிக் கம்பியைப் படுக்கை வாட்டில் வைக்க விடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஏணி. செங்குத்துக் கம்பிதான் வேண்டும்.

9. திறப்பதற்கு முன்னும் பின்னும்

வேலை முடிந்ததும் பி.எஸ்.பி. முடிவுச் சான்று (சி.சி.சி.) கொடுக்க வேண்டும். அது கையில் இல்லாமல் திறப்புவிழாவுக்கு ஒய்.பி.யை (மக்கள் பிரதிநிதியை) அழைத்துத் தேதி குறிக்காதீர்கள். பொதுப் பொறுப்புக் காப்புறுதியைப் புதிய பயன்பாட்டைச் சொல்லியே எடுங்கள்; "ஆபிஸ்" என்று பழைய பாலிசியில் இருந்தால் யாராவது விழுந்தபின் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடலாம். பலகாரக் கடை வைப்பதானால் கடைக்குத் தனி உரிமம், உணவு கையாளுபவருக்குப் பயிற்சியும் தடுப்பூசியும்.

செடித் தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு வளரும். சுகாதாரப் பிரிவு வந்து பார்த்தால் 500 ரிங்கிட் அபராதம். தட்டே இல்லாத தொட்டி வாங்குங்கள்.

கடைசியாக, பாதுகாவலர். சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடத்தில் 17-ஆவது மாடியிலிருந்து 20-ஆவது மாடிவரை தோட்டம் இருக்கிறது. பொதுமக்கள் காசில்லாமல் போகலாம். நம் ஊரில் ஆபிஸ் கட்டடத்துக்குள் நுழைந்தாலே அடையாள அட்டை கேட்டு, "எந்த ஆபிஸுக்கு?" என்பார்கள். எந்த ஆபிஸுக்கும் போகாதவருக்கு என்ன பதில் இருக்கும்? தோட்டத்து ஆட்கள் அந்த ஒரு கேள்வியிலேயே திரும்பிப் போய்விடுவார்கள். ஆகவே வருகைப் பதிவேட்டை வாசலிலிருந்து எடுத்து, ஆபிஸ் மாடிகளின் கதவுக்கு மாற்றுங்கள். பொது மாடிகளுக்கு லிஃப்டில் அட்டை தட்டாமல் பொத்தான் வேலை செய்யட்டும். வாசலில் மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் பெரிய எழுத்தில் எந்த மாடியில் உட்காரலாம், எத்தனை மணிவரை, கழிப்பறை எங்கே என்று எழுதிவையுங்கள். பாதுகாவலர் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில், பொது மாடிக்குப் போகிறவரிடம் எதையும் கேட்கக்கூடாது என்ற வரியைச் சேர்த்து, பணி மாறும் ஒவ்வொரு பாதுகாவலரிடமும் அதை நேரில் சொல்லுங்கள்.